கை காட்டினால் வண்டி நிற்கும்

எங்கள் தெரு முனை டீக்கடைக்கு நான் இப்போதெல்லாம் போவதில்லை. டீயில் குறை ஒன்றும் இல்லை. குமார் இஞ்சி தட்டிப் போட்டுக் கொடுக்கும் டீக்கு மேனாம்பேடு முழுக்க ரசிகர்கள் உண்டு. குறை என் வாயில்தான். அந்தக் கடையில் நின்றுகொண்டு சமீபத்தில் நான் ஒரு வாக்கியம் சொன்னேன். அதைக் கேட்டவர் குமார். அவர் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. அதனால் ஸ்டேஷன் பக்கம் போய்க் குடிக்கிறேன். அங்கே டீ சுமார்தான்.

இந்த வாரம் இந்தப் பக்கத்தில் சிரிக்க அதிகம் இருக்காது. முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

எனக்கு ஒரே மகள். ரூத். ஆறாம் வகுப்பு. பின் தெருவில் யாழினி என்று ஒரு குட்டி – இரண்டாம் வகுப்பு, முன் பல் இரண்டும் விழுந்து இன்னும் முளைக்கவில்லை. இரண்டு பேருக்கும் ஒரே பள்ளிக்கூடம். பள்ளிக்கூடம் மெயின் ரோட்டுக்கு அந்தப் பக்கம், எங்கள் வீடுகள் இந்தப் பக்கம்.

காலையில் பிரச்சினை இல்லை. ரூத்தை நான் ஸ்கூட்டரில் விட்டுவிடுவேன். யாழினியை அவள் அப்பா முனுசாமி பைக்கில் கொண்டுபோய் விடுவார். சாயங்காலம்தான் திண்டாட்டம். நான் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் பர்ச்சேஸ் பார்க்கிறேன். பள்ளிக்கூடம் விடும் நேரத்தில் தலை தூக்க முடியாது. என் மனைவி கிரேஸுக்கு ஆவடியில் வேலை. முனுசாமி கால் டாக்ஸி ஓட்டுகிறார், எந்த நேரத்தில் எந்த மூலையில் இருப்பார் என்று அவருக்கே தெரியாது. அவர் மனைவி செல்வி வீட்டிலேயே இட்லி மாவு அரைத்து விற்கிறார். சாயங்காலம்தான் அங்கே கூட்டமே.

ரூத் ஆறாம் வகுப்புக்குப் போனதும் நான்தான் முந்திக்கொண்டு செல்வியிடம் சொன்னேன். "இனிமே ரூத் நடந்தே வந்துடுவா. யாழினியையும் அவளே கூட்டிட்டு வரட்டும். நீங்க ஏன் கடையை விட்டுட்டு ஓடணும்?"

செல்வி யோசித்தார். "அதுவும் சின்னப் பொண்ணுதானே அண்ணா. நடுவுல ரோடு வேற கீது…"

"நான் ட்ரெய்னிங் குடுத்திருக்கேன்மா" என்றேன்.

ட்ரெய்னிங்! இந்த வார்த்தையை இப்போது எழுதும்போதே உடம்பு கூசுகிறது.

அப்படி என்ன ட்ரெய்னிங் என்று கேட்பீர்கள். நிறைய. தெரியாதவர்கள் சாக்லேட் கொடுத்தால் வாங்கக் கூடாது. தெரியாத வண்டியில் ஏறக் கூடாது. "அப்பா கூட்டிட்டு வரச் சொன்னாரு" என்று யாராவது வந்தால் ரகசிய வார்த்தை கேட்க வேண்டும். ரூத் தேர்ந்தெடுத்த ரகசிய வார்த்தை 'வெண்டைக்காய் பிரியாணி'. எந்தக் கடத்தல்காரனும் கனவில்கூட யோசிக்க முடியாதது. எங்கள் இரண்டு பேர் செல் நம்பரும் மனப்பாடம். குறுக்குச் சந்து கூடாது, மெயின் வழிதான். யாராவது பின்னால் வந்தால் பக்கத்தில் இருக்கும் கடைக்குள் போய்விட வேண்டும். எல்லாம் நல்ல விஷயங்கள்தான். நீங்களும் உங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்திருப்பீர்கள்.

அப்புறம்… ரோடு.

ரோட்டைக் கடப்பது பற்றிப் பள்ளிக்கூடத்திலும் சொல்லித்தான் இருந்தார்கள். "அப்பா, சிக்னல்கிட்ட போய்த்தான் க்ராஸ் பண்ணணும்னு மிஸ் சொன்னாங்க" என்றாள் ரூத். சிக்னல் கொஞ்சம் தள்ளி. அதுவரை நடந்து போய், விளக்கு மாறும் வரை நின்று, கடந்து, மறுபடி இவ்வளவு தூரம் திரும்பி நடந்து வர வேண்டும். வெயிலில் பிள்ளைகள் எதற்கு அப்படிச் சுற்ற வேண்டும்?

"உங்க மிஸ் கார்ல வர்றாங்க. அவங்களுக்கு எங்க தெரியப்போகுது" என்று சிரித்தேன். ரூத்தும் சிரித்தாள். அந்த வயதில் மிஸ் சொன்னதைவிட அப்பா சொன்னது ஒரு படி மேலே. அது ரொம்ப நாள் நீடிக்காது என்று எல்லா அப்பாக்களுக்கும் தெரியும். அதனால்தானோ என்னவோ, அதற்குள் நமக்குத் தெரிந்ததையெல்லாம் பிள்ளையின் தலையில் இறக்கிவிட அவசரப்படுகிறோம்.

எனக்குத் தெரிந்தது கை காட்டுவது.

கை காட்டுவது என்றால் என்னவென்று உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. உள்ளங்கையை விரித்து, வண்டி வருகிற பக்கம் நீட்டி, டிரைவரைப் பார்த்துக்கொண்டே இறங்கி நடக்க வேண்டியதுதான். பஸ் நிற்கும். ஆட்டோ நிற்கும். புல்லட்டில் வருகிறவன் முறைத்துக்கொண்டே நிற்பான். சிவப்பு விளக்குக்கு நிற்காதவன்கூட ஒரு கை நீண்டால் நிற்பான் என்பது நம் ஊர் நம்பிக்கை. வெளிநாட்டில் இருக்கும் என் மச்சான் லீவுக்கு வரும்போதெல்லாம் இதைப் பார்த்து வாயைப் பிளப்பான். எனக்குப் பெருமையாக இருக்கும்.

ரூத்துக்கு இதில் அனுபவமும் இருந்தது. என் ஸ்கூட்டரின் வலது பக்க இண்டிகேட்டர் உடைந்து ரொம்ப நாள். மெக்கானிக்கிடம் விட்டால் அரை நாள் போகும் என்று தள்ளிப் போட்டுக்கொண்டே வந்தேன். பின்னால்தான் ரூத் உட்கார்ந்திருக்கிறாளே? வலது பக்கம் திரும்பும்போது "கை" என்பேன். அவள் நீட்டுவாள். முடிந்தது.

அதோடு விட்டேனா? மெயின் ரோட்டில் கொஞ்ச தூரம் ராங் சைடில் போவோம். எல்லோரும் போகிறோம். "டிவைடர் கட் வரைக்கும்தானே" என்று ஒரு சமாதானம் எங்கள் பகுதியில் எல்லோர் வாயிலும் உண்டு. அப்படிப் போகும்போது எதிரே வருகிறவர்கள் ஒதுங்கிப் போகும்படி ரூத் கையை ஆட்டுவாள். ஒரு தடவை ஒரு குப்பை லாரியே ஒதுங்கியது. "என் பொண்ணு கைக்கு லாரியே நிக்குது பாரு!" என்றேன். கண்ணாடியில் அவள் முகத்தைப் பார்த்தேன். முகமெல்லாம் சிரிப்பு.

பிறகு ரோட்டிலேயே கூட்டிக்கொண்டுபோய் பழக்கினேன். முதல் பாதிக்கு வலது கை. நடுவில் டிவைடர் இடைவெளியில் நின்று கை மாற்ற வேண்டும், ஏனென்றால் அடுத்த பாதியில் வண்டி இடது பக்கத்திலிருந்து வரும். யாழினியை எப்போதும் வண்டி வராத பக்கம் பிடித்துக்கொள்ள வேண்டும். "டிரைவர் கண்ணைப் பாரு. தயங்காத. தயங்கினாத்தான் ஆபத்து. கையை நல்லா நீட்டு, வண்டி நிக்கும்."

எவ்வளவு விவரம் பாருங்கள்! தப்பான ஒன்றை இவ்வளவு ஒழுங்காகச் சொல்லிக் கொடுக்கவும் ஒரு திறமை வேண்டும் போலிருக்கிறது.

அன்றைக்கு எஸ்டேட்டில் கரண்ட் ஷட்டவுன். மதியமே கம்பெனியை மூடிவிட்டார்கள். வீட்டுக்குப் போகும் வழியில் குமார் கடையில் டீ வாங்கிக்கொண்டு ரோட்டைப் பார்த்து நின்றேன். பள்ளிக்கூடம் விட்ட நேரம். எதிர்ப் பக்கம் நீல யூனிஃபார்ம் கூட்டத்தில் ரூத் தெரிந்தாள். அவள் கையைப் பிடித்துக்கொண்டு யாழினி. அவர்கள் என்னைப் பார்க்கவில்லை. சந்தோஷமாக இருந்தது. ட்ரெய்னிங் எப்படி வேலை செய்கிறது என்று திருட்டுத்தனமாகப் பார்க்கலாம் இல்லையா?

வலது கையை நீட்டினாள். ஒரு ஷேர் ஆட்டோ நின்றது. ஒரு பஸ் வேகத்தைக் குறைத்தது. ஜம்மென்று நடந்து டிவைடருக்கு வந்தாள். அங்கே நின்று, யாழினியை ஒரு பக்கத்திலிருந்து இன்னொரு பக்கத்துக்கு மாற்றிப் பிடித்துக்கொண்டாள்.

"குமார், அங்க பாரு, என் பொண்ணு! கை மாத்துறா பாரு. சிங்கக்குட்டி!"

அதுதான் அந்த வாக்கியம்.

இடது கையை நீட்டினாள். ஒரு பைக் நின்றது. பைக்குக்குப் பின்னால் தண்ணி லாரி வந்துகொண்டிருந்தது. அதை அவள் கவனிக்காமல் இல்லை. கவனித்தாள். அதை நான் என் கண்ணால் பார்த்தேன். கையை லாரியின் பக்கம் நன்றாக நீட்டினாள், டிரைவரைப் பார்த்தாள், நான் சொல்லிக் கொடுத்தபடியே… தயங்காமல் இறங்கினாள்.

பிரேக் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. லாரியின் மேலிருந்து தண்ணீர் தளும்பி ரோடெல்லாம் கொட்டியது. லாரி ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு போய் நின்றபோது, பம்பருக்கும் டிவைடருக்கும் நடுவே ஒரு ஆள் நிற்கிற இடம்தான் இருந்தது. கடைசி நேரத்தில் ரூத் யாழினியை இழுத்துக்கொண்டு பின்னால் பாய்ந்திருக்கிறாள். இழுத்த வேகத்தில் அந்தக் குட்டி டிவைடர் கல்லில் கையை ஊன்றி விழுந்தது.

என் கையில் இருந்த டீ கிளாஸ் என்ன ஆனது என்று தெரியவில்லை. ஓடினேன். எங்கே ஓடினேன்? பிள்ளைகளிடமா?

இல்லை. லாரியிடம்.

டிரைவர் இறங்கிக்கொண்டிருந்தார். காக்கிச் சட்டை. எங்கேயோ இடித்து நெற்றியில் ரத்தம். சட்டையைக் கொத்தாகப் பிடித்தேன். "கை காட்டினா நிறுத்த மாட்டியா? கண்ணு தெரியலயா உனக்கு?" என்று கத்தினேன். என்னைப் பார்த்து இன்னும் நாலு பேர் ஓடி வந்துவிட்டார்கள். ஒருத்தன் அவர் முதுகில் ஒன்று வைத்தான். லாரி டிரைவரை அடிக்க நம் ஊரில் யாரும் விசாரணை நடத்துவதில்லை.

அவர் திருப்பி அடிக்கவில்லை. கையைக் கூப்பினார். "அண்ணாத்தே, மொதல்ல புள்ளைங்களுக்கு இன்னா ஆச்சுன்னு பாரு. என்னை அப்பால அடிச்சுக்கலாம். நான் எங்கயும் ஓடிட மாட்டேன்."

அப்போதுதான் எனக்குப் பிள்ளைகள் ஞாபகம் வந்தது. சொன்னால் நம்புவீர்களா? பெற்றவன் நான். போய்ப் பிள்ளைகளைப் பார் என்று சொன்னவர் அவர்.

குமார் அதற்குள் யாழினியைத் தூக்கிக்கொண்டிருந்தார். ரூத் இன்னும் டிவைடரில்தான் நின்றாள். அழவில்லை. ஒரு ஆட்டோவில் எல்லோரையும் ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். அந்த டிரைவருக்கு என்ன ஆனது, நெற்றிக்கு யார் கட்டுப் போட்டார்கள், கூட்டம் அவரை விட்டதா… எதுவும் தெரியாது. பெயரும் தெரியாது, வண்டி நம்பரும் தெரியாது. தண்ணி லாரி எது போனாலும் இப்போது டிரைவர் சீட்டைப் பார்க்கிறேன். மன்னிப்புக் கேட்க ஒரு முகமாவது வேண்டுமே.

ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுத்தார்கள். மணிக்கட்டில் எலும்பு முறிவு, மாவுக்கட்டுப் போட வேண்டும், சின்னப் பிள்ளை என்பதால் சீக்கிரம் கூடிவிடும் என்றார் டாக்டர். உள்ளே யாழினி அலறுவது வராண்டா வரைக்கும் கேட்டது. செல்வி ஓடி வந்தார். கையில் ஒட்டியிருந்த மாவைக்கூடக் கழுவாமல் வந்திருந்தார். முனுசாமி நசரத்பேட்டையில் சவாரியில் மாட்டிக்கொண்டிருந்தார்.

செல்வி என்னிடம் எதுவும் கேட்கவில்லை. நேராக ரூத்திடம் போனார்.

"உன்ன நம்பித்தானடி எம்புள்ளய அனுப்பினேன்? அம்மாம் பெரிய லாரி வர்றது உன் கண்ணுக்குத் தெரியலயா? இன்னா அவசரம் உனுக்கு? எம்புள்ளைக்கு ஏதாவது ஆயிருந்தா இன்னாடி பண்ணுவ? சொல்லு!"

வராண்டாவில் உட்கார்ந்திருந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். பெற்ற வயிறு, பேசத்தான் செய்யும். அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை. அன்றும் இல்லை, இன்றும் இல்லை.

ரூத் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாள். பயந்துபோய்ப் பார்க்கிறாள் என்று எடுத்துக்கொண்டேன். அவள் தோளில் கையை வைத்தேன். வைத்துவிட்டு நான் என்ன சொன்னேன் தெரியுமா?

"ஆன்ட்டிகிட்ட சாரி சொல்லுமா."

எழுதிவிட்டேன். இதை எழுதத்தான் இத்தனை நாள் ஆனது.

"சாரி ஆன்ட்டி" என்றாள் ரூத். குரல் கீழே போய்விட்டது. "கையை இன்னும் கொஞ்சம் மேல தூக்கியிருக்கணும்."

செல்விக்கு அது புரியவில்லை. அழுகையில் காதில் விழுந்ததா என்றுகூடத் தெரியவில்லை. எனக்கு நன்றாகப் புரிந்தது. அந்த இடத்தில் நான் வாயைத் திறந்திருக்கலாம். "செல்வி, அவமேல தப்பில்ல, நான்தான் அப்படிச் சொல்லிக் குடுத்தேன்" – இவ்வளவுதான். வாரா வாரம் ஒரு பக்கம் நிரப்புகிறவனுக்கு இந்த ஒரு வரி வரவில்லை. 'பேப்பர்ல எழுதுறவரு' என்று அந்தத் தெருவில் எனக்கு ஒரு மரியாதை உண்டு. அதைக் காப்பாற்றிக்கொண்டேன். என் மகளை வைத்து.

வீட்டுக்கு வந்ததும் கிரேஸ் விசாரித்தாள். "லாரிக்காரன் வேகமா வந்துட்டான்" என்றேன்.

"அவன் வேகமா வந்தா இவ எதுக்கு இறங்கினா?"

நான் சட்டையைக் கழற்றுவதில் மும்முரமாக இருந்தேன். கிரேஸ் உள்ளே போய்விட்டாள். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். நாங்கள் சண்டை போட்டிருப்போம், சண்டையில் உண்மை எப்படியாவது வெளியே வந்திருக்கும்.

மறுநாள் முதல் வேலையாக ஸ்கூட்டருக்கு இண்டிகேட்டர் மாற்றினேன். அரை நாளெல்லாம் ஆகவில்லை. மெக்கானிக் பேசிக்கொண்டே மாட்டிவிட்டார். கட் வரைக்கும் ராங் சைடு என்பதையும் விட்டேன். ரூத்திடம், "இனிமே சிக்னல்லதான் க்ராஸ் பண்ணணும்" என்றேன்.

"ஏம்ப்பா?"

"சொன்னா கேளு."

அவள் அதை எப்படி எடுத்துக்கொண்டாள் என்று எனக்கு அப்போது தோன்றவே இல்லை. கை காட்டத் தெரியாத பிள்ளைகளுக்குத்தான் சிக்னல் என்று நினைத்துக்கொண்டாள். பரீட்சையில் தோற்றவர்களைக் கடைசி பெஞ்சில் உட்காரவைக்கிற மாதிரி.

நான் வேறு என்ன செய்தேன்? ஆப்பிள் வாங்கிக்கொண்டு போனேன். குழந்தைகளுக்குக் கலந்து கொடுக்கும் சத்து மாவு டப்பா வாங்கிக்கொண்டு போனேன். முனுசாமியிடம் லாரிகளின் அட்டகாசம் பற்றி நீளமாகப் பேசினேன். அவரும் தலையாட்டினார். சொல்ல வேண்டியதைத் தவிர எல்லாவற்றையும் சொன்னேன்.

யாழினியைக் கூட்டிவர இப்போது செல்வியே போக ஆரம்பித்திருந்தார். மாவு வாங்க வந்தவர்கள் தூக்குடன் வாசலில் காத்துக்கொண்டிருப்பார்கள். ஏன் லேட் என்று யாராவது கேட்பார்கள், அவரும் சொல்வார். "பெரிய பொண்ணாச்சேன்னு நம்பி அனுப்பினேன்க்கா, ரோட்ல கொண்டும்போயி விட்டுடுச்சி." அப்படித்தான் ஒரு தெருவில் ஒரு பிள்ளைக்குப் பெயர் வருகிறது. கையில் கட்டோடு யாழினி அம்மாவுடன் முன்னால் போவாள். ரூத் பின்னால் தனியாக நடந்து வருவாள்.

ஒரு சாயங்காலம் ஸ்கெட்ச் பேனாக்களை எடுத்துக்கொண்டு போனாள். யாழினியின் மாவுக்கட்டில் முயல் வரைந்து தருவதாகச் சொல்லியிருந்தாளாம். போன வேகத்தில் திரும்பி வந்தாள்.

"என்னாச்சு?"

"யாழினி தூங்குறாளாம்." பேனாக்களை ஒவ்வொன்றாக டப்பாவில் அடுக்கினாள். "ஆனா உள்ள டிவி பாத்துச் சிரிச்சிட்டு இருந்தாப்பா."

அன்றைக்காவது நான் எழுந்து போயிருக்க வேண்டாமா? போகவில்லை. இரண்டு நாள் போனால் செல்வியின் கோபம் தானாக ஆறிவிடும், பிள்ளைகள் மறந்துவிடுவார்கள் என்று கணக்குப் போட்டேன். பெரியவர்கள் செய்த தப்புகளைப் பிள்ளைகள் மறந்துவிடுவார்கள் என்பதில் நமக்கு ஒரு குருட்டு நம்பிக்கை.

நண்பர்களே, ஒன்று கேட்கிறேன். நாம் பிள்ளைகளுக்குப் பயப்படச் சொல்லிக் கொடுப்பதெல்லாம் யாரைப் பார்த்து? தெரியாதவன், சாக்லேட் கொடுப்பவன், சந்துமுனையில் நிற்பவன். எல்லாம் வெளியாள். சொல்லித்தான் ஆக வேண்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் தலைக்கு ஹெல்மெட் போட்டுக்கொண்டு பிள்ளையை வெறுந்தலையோடு பின்னால் உட்காரவைப்பது யார்? செல்லைத் தோளில் இடுக்கிப் பேசிக்கொண்டே பள்ளிக்கூட வாசலில் வண்டியைத் திருப்புவது யார்? 'லேட்டாயிடுச்சு, இறங்கி ஓடு' என்று நடு ரோட்டில் இறக்கிவிடுவது யார்? அவர்களைப் பற்றிப் பிள்ளையை எச்சரிக்க வீட்டில் ஆளே இல்லை. ஏனென்றால் எச்சரிக்க வேண்டியதே நாம்தான்.

நானும் ஒரு நாள் சிக்னல் வழியாக நடந்து பார்த்தேன். வெயில்தான், மறுக்கவில்லை. ஆனால் எதற்காக இவ்வளவு பயந்தேனோ அவ்வளவு தூரமெல்லாம் இல்லை. வழியில் ஒரு வேப்பமரம்கூட இருக்கிறது.

போன வாரத்தில் ஒரு காலை. ஸ்கூட்டர் சாவியைத் தேடிக்கொண்டு உள்ளே போனேன். பீரோ கண்ணாடி முன்னால் ரூத் நின்றிருந்தாள். யூனிஃபார்ம் போட்டு, பையையும் மாட்டிக்கொண்டு. இடது கையை நீட்டினாள். இறக்கினாள். இன்னும் கொஞ்சம் உயர்த்தி நீட்டினாள். விரல்களை அகலமாக விரித்தாள். ஒரு அடி பின்னால் போய் நின்று, எப்படித் தெரிகிறது என்று பார்த்தாள்.

"என்னம்மா பண்ற?"

சட்டென்று கையை இறக்கிவிட்டாள். "எவ்ளோ உயரம் தூக்கினா லாரிக்காரங்களுக்குத் தெரியும்ப்பா? நான் குள்ளம்ல… அதான் அவருக்குத் தெரியல போல."

நான் கட்டிலில் உட்கார்ந்துவிட்டேன். அழுகை வந்தது, அதைச் சொல்வதில் வெட்கம் இல்லை. வெட்கப்பட வேறு எவ்வளவோ இருக்கிறது. இத்தனை நாளும் இந்தப் பிள்ளை ராத்திரி கண்ணை மூடினால் எதை நினைத்துக்கொண்டு தூங்கியிருக்கும்? தன் கை குட்டையாக இருந்ததால்தான் யாழினியின் கை ஒடிந்தது என்று.

"உன் கை சரியாத்தான் இருந்துச்சுடா" என்றேன். "அவருக்கு நல்லா தெரிஞ்சிது. கை காட்டினா வண்டி நிக்கும்னு அப்பா சொன்னேன் பாரு, அதுதான் தப்பு. எல்லா வண்டியும் நிக்காது. நினைச்சாலும் சில வண்டியால நிக்க முடியாது. உங்க மிஸ் சொன்னதுதான் சரி."

ரூத் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அப்போ… ஆன்ட்டிக்கு?" என்று கேட்டு நிறுத்திக்கொண்டாள்.

"வா" என்றேன்.

செல்வியின் வீட்டு வாசலில் கிரைண்டர் ஓடிக்கொண்டிருந்தது. யாழினி படியில் உட்கார்ந்து நல்ல கையால் இட்லி தின்றுகொண்டிருந்தாள். ரூத்தைப் பார்த்ததும் பல்லில்லாமல் சிரித்துவிட்டு, பிறகு ஏதோ ஞாபகம் வந்ததுபோல அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள். முனுசாமி பைக்கைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"செல்வி, ஒரு நிமிஷம் அதை நிறுத்துமா" என்றேன்.

கிரைண்டர் நின்றது. நான் சொன்னேன். கதை எழுதுகிறவன் மாதிரி சுற்றி வளைக்கவில்லை. சிக்னலில் கடக்கச் சொன்ன மிஸ்ஸைக் கிண்டல் செய்தது நான். கை காட்டி நடுரோட்டில் நடக்கச் சொல்லிக் கொடுத்தது நான். தயங்காதே என்று சொன்னது நான். அன்றைக்கு டீக்கடையில் நின்று அதைப் பெருமையாகப் பார்த்துக்கொண்டிருந்ததும் நான். "அவ நான் சொன்னதை அப்படியே செஞ்சா. அவமேல எந்தத் தப்பும் இல்ல."

முனுசாமி துணியைக் கையில் பிடித்தபடி நின்றார். செல்வி என்னையே பார்த்தார்.

"இன்னா அண்ணா சொல்றீங்க? அப்போ ஆஸ்பத்திரில இன்னாத்துக்கு சும்மா நின்னுகினு இருந்தீங்க? நான் அந்தப் புள்ளய அவ்ளோ பேசினேனே… ஊருக்கெல்லாம் வேற சொல்லிக்கினு கீறேனே…"

செல்வி பதிலுக்குக் காத்திருக்கவில்லை. புடவைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டு படியிறங்கி வந்தார். ரூத்தின் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். அவர் கண்ணில் தண்ணீர்.

"ஏன்டி கண்ணு, நான் அந்தத் திட்டு திட்டினேனே, எங்க அப்பாதான் ஆன்ட்டி அப்டி சொல்லிக் குடுத்தாருன்னு ஒரு வார்த்த சொல்லக் கூடாதா நீ?"

ரூத் என் பக்கம் திரும்பவில்லை. செல்வியைப் பார்த்துத்தான் சொன்னாள்.

"அப்பா பக்கத்துலதானே ஆன்ட்டி நின்னாரு. அவரே சொல்லுவாருன்னு பாத்துட்டு இருந்தேன்."

இத்தனை நாளும் பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறாள்.